சிமியோன் அண்ணை உயிரோடு இருப்பதை அறியத்தருகிறேன்

குருநகர்,
வியாழக்கிழமை, பின்னேரம்.

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் கிறிஸ்ரோபர் அவர்களுக்கு, மாதாவை முன்னிறுத்திக் கனிசியஸ் எழுதிக்கொள்வது.

இவ்விடத்தில் நானும் என் மனைவியும் சுகம். அவ்விடத்தில் நீரும் என் தங்கை றோசும் பிள்ளைகளும் கனடாக் குளிருக்கு ஈடுகொடுத்துச் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் ஒரு மணி உங்களுக்கென்று ஒதுக்கி மன்றாடி வருகிறேன். உம்முடைய தமையனார் சிமியோன் அண்ணையும் சுகம். நல்ல சுகம். நேற்று மத்தியானம் மூன்று அகப்பை சோறு சாப்பிட்டதை என் கண்ணால் கண்டேன். இதை முதற் பக்கத்திலேயே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, அதுதான் இந்தக் கடிதம்.

தொலைபேசியில் சொன்னால் நீர் ஒரு "ம்" போட்டுவிட்டு றோசிடம் கொடுத்துவிடுவீர் என்பதால் கடிதமாக எழுதி, பக்கம் பக்கமாகப் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். முப்பத்துநாலு வருடம் தபால் கந்தோரில் இருந்தவனுக்கு எதையும் தொடக்கத்திலிருந்து ஒழுங்காக எழுதித்தான் பழக்கம். உமக்குத் தெரிந்ததையும் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளும், எங்கள் கோயில் பாதரும் ஒரு பிரதி கேட்டிருக்கிறார். எழுத்துக் கோணலாக இருந்தால் அதற்கும் மன்னிக்கவும்.

எங்கள் மாதா கோயிலுக்கு ஓர் இணையத்தளம் வேண்டும் என்று பாதர் கேட்டபோது நீர் இரண்டே கிழமையில் செய்து அனுப்பினீர். அதை ஊர் உலகத்துக்கு அறிமுகப்படுத்தும் வேலை பங்குச் சபைச் செயலாளரான என் தலையில் விழுந்தது. பாதர் லப்டொப்பை ஆசீர்வதித்துத் தீர்த்தம் தெளித்தார். கொஞ்சம் தாராளமாகத் தெளித்துவிட்டார், மூன்று நாள் அது திறக்கவில்லை. திறந்த பிறகு முதல் மாதத்தில் தளத்துக்கு வந்து பார்த்தவர்கள் பதினொரு பேர். அதில் ஏழு தரம் வந்தது நான். இரண்டு றோஸ். ஒன்று நீராக இருக்கவேண்டும். மிச்சம் ஒன்று யாரென்று இன்றுவரை தெரியாது, அந்த ஆத்துமாவை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. அப்போதுதான் நீர் எனக்கு அந்த அறிவுரைகளை எழுதி அனுப்பினீர். "பொய் எழுதாதேங்கோ. ஆக்களைக் கேக்காமல் அவையின்ரை படத்தைப் போடாதேங்கோ. காசு குடுத்து லைக் வாங்காதேங்கோ. கோயில் தளம் எண்டால் கோயில் மாதிரி நடக்கவேணும். உண்மையான ஆக்களைப் பற்றி உண்மையாய் எழுதுங்கோ, சனம் தானாய் வரும்." சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாத குறையாக இதைப் பாடமாக்கினேன். மச்சான், அதில் ஒரு வரியைக்கூட நான் மீறவில்லை. அதை நினைக்கத்தான் எனக்கு இன்னும் திடுக்கிடுகிறது.

முதலில் பங்கிலுள்ள இருநூற்றுச் சொச்சம் பேரையும் ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்த்துத் தளத்தின் முகவரியைப் போட்டேன். அரை மணித்தியாலத்துக்குள் தொண்ணூறு பேர் வெளியேறினார்கள், என் சொந்த மச்சாள் உட்பட. ஒரு இலக்கத்தை மாற்றி அடித்ததில் நல்லூரில் ரியூசன் நடத்துகிற வாகீசன் மாஸ்ரர் உள்ளே வந்துவிட்டார். அவர் வெளியேறவில்லை. தினமும் காலையில் அவர் முருகன் படம் போடுவார், நான் மாதா படம் போடுவேன், இப்படியே இருவரும் நல்ல சிநேகிதமாகிவிட்டோம். அவர் ஒருநாள் சைக்கிளில் வீட்டுக்கே வந்து தேத்தண்ணி குடிக்கும்போது, தளத்துக்கு ஆட்கள் வருவதில்லை என்று என் கவலையைச் சொன்னேன்.

"கனிசியஸ் அண்ணை," என்றார், "எங்கடை சனம் விடியக்காலமை எழும்பிக் கண் துடைக்க முதல் என்னத்தைத் திறக்குது? மரண அறிவித்தல். லண்டனிலையும் அதுதான், நோர்வேயிலையும் அதுதான். ஆர் செத்தது, ஆரின்ரை மச்சான், எந்த ஊர் எண்டு கடைசி வரி வரைக்கும் வாசிப்பினம். வேறை ஒண்டையும் உப்பிடி வாசிக்கிறேல்லை."

அவர் சொன்னது வெறும் கதைதான். அவரும் ஒரு சூழ்ச்சியும் சொல்லவில்லை, நானும் ஒரு சூழ்ச்சியும் செய்யவில்லை, பீடத்துக்கு முன் நின்று சத்தியம் செய்வேன். நான் யோசித்தது வேறு. உண்மையான ஆளைப் பற்றி உண்மையாக எழுதச் சொன்னீரே, எங்கள் கோயிலில் சிமியோன் அண்ணையைவிட உண்மையான ஆள் யார்? நாற்பத்தொரு வருடமாகக் கோயில் மணி அடிக்கிறார், காய்ச்சலென்றாலும் புயலென்றாலும் ஒருநாள் தவறியதில்லை. பிள்ளை குட்டி இல்லாத மனிசன், ஒரு பொன்னாடைகூட யாரும் போர்த்தியதில்லை. அவரைப் பற்றிப் போடுவோம் என்று பேனையை எடுத்தால் இரண்டு நாள் ஒரு வரி ஓடவில்லை. ஒரு மனிசனைப் பற்றிப் பிறந்த ஊரிலிருந்து சொந்தபந்தம் வரைக்கும் மதிப்பாக, முழுமையாக எழுதுவதற்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு முறைதானே இருக்கிறது? நீரே யோசித்துப் பாரும். அந்த முறையில் எழுதத் தொடங்கியதும் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"யாழ். குருநகரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட மரியாம்பிள்ளை சிமியோன் அவர்கள் நாற்பத்தொரு ஆண்டுகளாக எமது ஆலயத்தின் மணியை அடித்து வந்தவர். அன்னார், காலஞ்சென்ற மரியாம்பிள்ளை செபமாலை தம்பதிகளின் மூத்த மகனும், பிலோமினாவின் அன்புக் கணவரும், கிறிஸ்ரோபர் (கனடா) அவர்களின் அன்புச் சகோதரனும், றோஸ் (கனடா) அவர்களின் மைத்துனரும் ஆவார். அன்னாருக்கான நன்றித் திருப்பலி ஞாயிற்றுக்கிழமை காலை 6.30 மணிக்கு ஒப்புக்கொடுக்கப்படும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: கனிசியஸ்."

இதில் ஒரு பொய் காட்டும் பார்க்கலாம். படத்துக்கு அடையாள அட்டைக்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்தான் அகப்பட்டது. நீர் செய்து வைத்திருந்த அலங்காரங்களில் இரண்டு பக்கமும் மெழுகுதிரி எரிகிற மாதிரி ஒன்று இருந்தது, கோயில் தளத்துக்குப் பொருத்தமாகப் பட்டது, அதைப் போட்டேன். அனுமதியும் கேட்டேன். மணிக்கூண்டுக்குக் கீழே நின்று, "அண்ணை, உங்களைப் பற்றி நாலு வரி போடட்டோ?" என்று கத்தினேன். அவர் மணி அடித்துக்கொண்டே கையை ஆட்டினார். அது "ஓம்" என்றுதான் எனக்குப் பட்டது. "தள்ளி நில், கயிறு படும்" என்று அவர் ஆட்டியதாக இப்போது சொல்கிறார். செவ்வாய் பின்னேரம் தளத்தில் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

புதன் காலை எழும்பிப் பார்த்தால் தளத்துக்கு வந்தவர்கள் நாலாயிரத்து முந்நூற்று இருபத்தாறு பேர். முழந்தாளில் நின்று மாதாவுக்கு நன்றி சொன்னேன். உமக்கும் மனதுக்குள் நன்றி சொன்னேன். பிறகு கீழே எழுதியிருப்பதை வாசித்தேன். சுவிஸிலிருந்து ஒருவர், "ஆழ்ந்த இரங்கல்." அடுத்தவர், "அன்னாரின் ஆத்துமா இளைப்பாற மன்றாடுகிறோம்." அதற்குக் கீழே முழுக்கக் கும்பிடுகிற கைகளும் அழுகிற முகங்களும். மச்சான், வெட்கத்தை விட்டு உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரம் எனக்கு நான் எழுதியது ஞாபகத்துக்கு வரவில்லை. சிமியோன் அண்ணை விடியற்புறம் செத்துப்போனார், உலகம் முழுக்க அறிந்துவிட்டது, பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற எனக்குத்தான் ஒருவரும் சொல்லவில்லை என்றுதான் நினைத்தேன். கட்டின சறத்தோடு, செருப்பும் இல்லாமல் ஓடினேன். படலையைத் தள்ளிக்கொண்டு போனால் மனிசன் கிணற்றடியில் நின்று பல் விளக்குகிறார். கட்டிப்பிடித்து அழுதேன்.

"என்னடா கனிசியஸ், விடியக்காலமை விசரே உனக்கு?" என்றார், வாயெல்லாம் நுரை.

கெட்ட கனவு கண்டேன் என்று சமாளித்தேன். அங்கேயே சொல்லியிருந்தால் பாதி அவலம் நடந்திராது, அது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். அந்த நேரம் பார்த்து றோஸ் போனில் அழைத்தாள். "அண்ணை, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதோ? கோயில் தளத்தில பாத்தோ நாங்கள் அறியவேணும்?" என்று ஒரே அழுகை. "அடியே, ஒருத்தரும் சாகேல்லை, இஞ்சை பல்லு விளக்கிக்கொண்டு நிக்கிறார்" என்று குசுகுசுத்தேன். அவளுக்கு நம்பிக்கை வரப் பத்து நிமிடம் ஆயிற்று. கிறிஸ்ரோபர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்டும் சொல்லேல்லை. குளிக்கிற அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினவர். ஒரு மணித்தியாலமாய்த் தண்ணி ஓடுற சத்தம்தான் கேக்குது" என்றாள். போய்க் கதவைத் தட்டி, உயிரோடு இருக்கிறார் என்று சொல்லச் சொன்னேன். சொன்னாள் என்று நினைக்கிறேன்.

மத்தியானம் பன்னிரண்டுக்கு அண்ணை வழக்கம்போல மணி அடிக்கப் போனார். கோயிலுக்குப் பக்கத்தில் மீன் விற்கிற ஜெயகௌரி அந்த நேரம்தான் போனில் அறிவித்தலை வாசித்து அழுதுகொண்டிருந்தாளாம். மணிச்சத்தம் கேட்டதும், அண்ணையில்லாமல் இதை யார் அடிக்கிறது என்று பார்க்கப் போயிருக்கிறாள். கண்டது அண்ணையை. கத்தின கத்தலில் வள்ளத்தில் நின்றவர்களெல்லாம் ஓடிவந்தார்கள், பெட்டி கவிழ்ந்து மீனெல்லாம் மணலில். ஓடிப்போய் முதல் வேலையாக, "சிமியோன் அண்ணையின்ரை ஆவி கோயில் மணி அடிக்குது" என்று அழுதழுது குரல் பதிவு ஒன்று போட்டுவிட்டாள். ஒரு மணித்தியாலத்தில் தளத்துக்கு வந்தவர்கள் ஒன்பதாயிரம்! பதினொரு பேருக்காக ஒரு மாதம் நாக்குத் தள்ளினேனே.

இதற்குள் நெல்லியடியிலிருந்து அண்ணையின் மனைவி பிலோமினா அக்காவின் சொந்தக்காரர் ஒரு வான் நிறைய வந்து இறங்கிவிட்டார்கள். மலர்வளையம், அதில் ஊதா நாடா, நாடாவில் அண்ணையின் பெயர். பெண்கள் படலையடியிலேயே ஒப்பாரி தொடங்கிவிட்டார்கள். மணி அடித்துவிட்டு வந்த அண்ணைக்கு நாடாவில் எழுதியிருந்தது தெரியவில்லை, கண்ணாடியும் இல்லை. "ஐயோ, ஆர் மோசம் போனது?" என்று கேட்டபடி தோளில் கிடந்த துவாயை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு தானும் அழத் தொடங்கிவிட்டார். நெல்லியடிப் பெரியவர் ஒருவர், துக்கத்தில் யாரைப் பிடிக்கிறோம் என்று பாராமல் அண்ணையைக் கட்டிப்பிடித்து, "சிமியோன் எங்களை விட்டுப் போட்டானே" என்று கதற, அண்ணையும் "ஓமப்பா, போட்டானே" என்று சேர்ந்து கதறியிருக்கிறார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது அதற்குப் பிறகுதான். பெரியவர் வாங்குப் பலகையில் அப்படியே சரிந்துவிட்டார். பிலோமினா அக்கா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தா. வந்தவர்களுக்கு உலை வைத்துச் சாப்பாடு கொடுத்தார்கள், அப்போதுதான் அந்த மூன்று அகப்பை. மலர்வளையம் இப்போது மாதாவின் காலடியில் இருக்கிறது, நாடாவைப் பாதர் கழற்றிவிட்டார்.

பாதரின் பாடு வேறு. அண்ணையின் ஆத்தும சாந்திக்குப் பூசை கேட்டு ஜேர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் பதினேழு பேர். "கனிசியஸ், உயிரோடை இருக்கிறவருக்கு ஆத்தும சாந்திப் பூசை வைக்கேலாது. இப்ப அவரை என்ன செய்யச் சொல்லுறியள்?" என்று என்னிடம் கேட்கிறார்.

சாப்பாடு முடிந்ததும் அண்ணை என் வீட்டுக்கு வந்தார். வாகீசன் மாஸ்ரரும் மாலையோடு வந்து, மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சைக்கிளில் கொழுவிவிட்டு நின்றார். நான் மாஸ்ரரைப் பார்த்து, "படிப்பிக்கிற மனிசன் நீங்கள் சொல்லுங்கோ, அதில எங்கை செத்தவர் எண்டு கிடக்கு?" என்றேன். அவர், "எங்கை சாகேல்லை எண்டு கிடக்கு?" என்றார். உண்மையை மட்டும் எழுதி ஒரு மனிசனைச் சாகடித்துவிட்டேன், மச்சான்.

அண்ணை என்னை வாசிக்கச் சொன்னார். முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். ஏசுவார் என்று பார்த்தேன், ஏசவில்லை.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கிறாய்," என்றார். "ஒரு பொய்தான் கிடக்கு."

"எது அண்ணை?"

"கிறிஸ்ரோபரின்ரை அன்புச் சகோதரன் எண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

பத்தொன்பது வருடத்துக்கு முந்திய அந்தத் திருநாளை உமக்கு நான் ஞாபகப்படுத்தத் தேவையில்லை, ஆனால் பாதர் புதியவர், அவருக்காக எழுதுகிறேன். பவனியில் மாதாவின் சொரூபக் கூட்டைத் தூக்கும்போது முன் வலப்பக்கத்துத் தூக்குக் கொம்பைப் பிடித்து வந்தது உங்கள் தகப்பனார். ஐயாவுக்குப் பிறகு மூத்தவன் நான் என்று அண்ணை சொல்ல, வெளிநாடு போகிறேன், இந்த ஒரு வருடம் எனக்குத் தா என்று நீர் சொல்ல, இரண்டு பேரும் ஒரே கொம்பைப் பிடித்து இழுத்ததில் சொரூபம் சரிந்து, சனம் முழுக்க "மாதாவே" என்று அலற, நாலு பேர் பாய்ந்து தாங்கிப் பிடித்தார்கள். நீர் அடுத்த கிழமை விமானம் ஏறினீர். பத்தொன்பது வருடம். ஒரு கதை இல்லை. தளம் செய்து தந்தீர், வெள்ளையடிக்க உதவினீர், கோயிலுக்கு எல்லாம் செய்தீர், அந்த மணி அடிக்கிற ஆளோடு மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அவரும் அப்படித்தான், என் வீட்டில் உம்முடைய குரல் போனில் கேட்டால் எழும்பிப் போய்விடுவார்.

நேற்றுப் பின்னேரம் ஆறு மணிக்கு மணி அடிக்கவில்லை. நாற்பத்தொரு வருடத்தில் முதல் தடவை. ஒழுங்கையில் எல்லோரும் வெளியே வந்து கோயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் பாதரும் போய்க் கேட்டோம். "செத்தவன் மணி அடிக்கிறேல்லை, பாதர்" என்று சொல்லிவிட்டு யன்னலைச் சாத்தினார். இன்று காலையும் இல்லை. மத்தியானமும் இல்லை. நான் போய் இரண்டு தரம் கூப்பிட்டேன், அறுபது வருடச் சிநேகிதன் என்றுகூடப் பாராமல் முகம் கொடுக்கவில்லை. பாதர் தானே அடிக்கப் போனார், கயிறு கையை உரித்துவிட்டது.

பக்கத்தை எடுத்துவிடலாம் என்று லப்டொப்புக்கு முன் குந்தினேன். எனக்குப் போடத் தெரியும், எடுக்கத் தெரியாது. எதையோ அழுத்த, அது "முக்கிய செய்தி" என்று மேலே ஏறிவிட்டது. இன்னொன்றை அழுத்த, தளத்தில் புதிதாகப் பதிந்துகொண்ட அத்தனை பேருக்கும் மின்னஞ்சலாக மறுபடியும் போய்விட்டது. கையை எடுத்துவிட்டேன். பாஸ்வேட் உம்மிடம் இருக்கிறது. ஆகவே, இந்தக் கடிதம் கிடைத்த கையோடு அந்தப் பக்கத்தை அடியோடு எடுத்துவிடவும். அந்த இடத்தில், "சிமியோன் அவர்கள் உயிரோடு நலமாக இருக்கிறார், தவறுக்கு வருந்துகிறோம்" என்று பெரிய எழுத்தில் போடவும், மெழுகுதிரி வேண்டாம். "அன்புச் சகோதரன்" என்ற சொல்லையும் நீரே பார்த்து முடிவு செய்யும், எனக்கு அதில் கைவைக்கத் துணிவில்லை. தளத்தை வேறு யாரிடமாவது ஒப்படைக்கவும். பங்குச் சபைச் செயலாளர் பதவியிலிருந்தும் நான் இத்தோடு விலகிக்கொள்கிறேன். இனி என் வாழ்நாளில் ஒருவரைப் பற்றியும் நல்லதாக நாலு வரி எழுதுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன்.

உம்மையும் உம் குடும்பத்தையும் கடலாலும் தரையாலும் வரும் சகல மோசங்களிலிருந்தும் மாதா தன் முந்தானையால் மூடிக் காப்பாளாக. பிள்ளைகளுக்கு மாமாவின் முத்தங்கள். றோசை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும்.

இங்ஙனம்,
வெட்கத்தோடும் அன்போடும்,
உம் மைத்துனன்
கனிசியஸ்

பி.கு.: பக்கங்களைப் படம்பிடித்துக்கொண்டிருக்கும்போது சிமியோன் அண்ணை வந்துவிட்டார். கூப்பிடாமல் தானாக வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "எத்தினை பேர் எழுதியிருக்கினம்?" என்றார். அறுநூற்றுப் பதினாலு என்றேன். "வாசி" என்றார். வாசித்தேன். ஒன்றையும் விட விடவில்லை. சிலதுக்குச் சிரித்தார். சிலதுக்கு, "உவன் என்னோடை ஒருநாள் முகம் பாத்துக் கதைச்சவனே?" என்றார். ஒன்றிரண்டுக்குத் துவாயால் முகத்தைத் துடைத்தார். கடைசி ஆளும் முடிந்தது.

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான் அண்ணை."

துவாயை மடித்து மடியில் வைத்தார். "அவன் எழுதேல்லையோ?"

யார் என்று நான் கேட்கவில்லை. "இல்லை அண்ணை. நீங்கள் இருக்கிறியள் எண்டு றோஸ் உடனையே சொல்லிப்போட்டாள், அதாலை எழுதியிருக்கமாட்டார்" என்றேன்.

"அப்ப உந்தப் பக்கத்தை எடுக்க வேண்டாமெண்டு சொல்லு," என்றார். "உயிரோடை இருக்கிற அண்ணைக்கு எழுத அவனுக்கு ரோசமெண்டால், செத்த அண்ணைக்கு எண்டு நினைச்சு எழுதட்டும். நான் வாசிச்சதெண்டு ஆருக்கும் சொல்லமாட்டன் எண்டு எழுது."

ஆகவே, மச்சான், மேலே கேட்ட ஒன்றையும் செய்யவேண்டாம். பக்கம் அப்படியே கிடக்கட்டும், மெழுகுதிரியும் எரியட்டும். அவர் இன்னும் போகவில்லை. தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கிறது. திரையைக் கீழே இழுத்தால் புதிதாக வந்தது தெரியும் என்று வாகீசன் மாஸ்ரர் அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார், நிமிடத்துக்கு ஒரு தரம் "ஒருக்கா இழுத்துப் பார்" என்கிறார். நானும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.